ஆள் எடுத்த மறுநாள்

முந்தைய அத்தியாயத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்குத் தேர்ந்தெடுப்பது வரை வந்தோம். நேர்காணல் முடிந்து, பணி ஆணை கொடுத்து, நிர்வாக இயக்குநரோடு நிறுத்திப் படமும் எடுத்தாயிற்று. பல நிறுவனங்களில் இந்த முயற்சி அந்தப் படத்தோடு நின்றுவிடுகிறது. சில மாதங்களில் அவர் வேலையை விட்டுவிடுகிறார். "நல்ல பையன்தான், தாக்குப்பிடிக்க முடியல" என்று கதை முடிகிறது. எதனால் முடியவில்லை என்று கொஞ்சம் துருவிப் பார்த்தால், பார்த்த வேலை அநேகமாகக் காரணமாக இருக்காது. கழிப்பறை, வண்டி நிறுத்தும் இடம், மதியச் சாப்பாட்டு நேரம், யாரோ அனுப்பிய ஒரு பிடிஎஃப் என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்தச் சில்லறை விஷயங்கள்தான் இந்த அத்தியாயம்.

இருபதிலிருந்து ஐந்நூறு பேர் வரை வேலை பார்க்கும் இடங்களை மனதில் வைத்து எழுதுகிறேன்: பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம், பம்ப் தயாரிக்கும் கூடம், தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவு. பெருநிறுவனங்களுக்கு இதற்கென்று தனி அதிகாரிகளும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். உங்களிடம் ஒரு ஹெச்.ஆர். மேனேஜர் இருப்பார், அவரே கேண்டீன் பில்லையும் பார்ப்பார்.

கேட்பது எப்படி

வேலையில் சேரும் நாளுக்கு ஒரு வாரம் முன்பாகவே ஒருவர் அவரோடு தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலையை நன்றாகச் செய்ய நாங்கள் என்ன ஏற்பாடு செய்து தர வேண்டும்? எப்படி ஆயிற்று, பிறவியிலேயேவா, வைத்தியம் பார்த்தீர்களா என்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத தகவல்.

கேட்டதும் வரும் பதில் இப்படித்தான் இருக்கும்: "ஒண்ணும் வேண்டாம் சார், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்." இதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். மாடி வகுப்புக்கு அப்பா தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்தே, தொந்தரவு தராத ஆளாக இருந்தால்தான் இடம் கிடைக்கும் என்று பழகியவர்கள் இவர்களில் நிறையப் பேர். எத்தனையோ இடத்தில் கதவு சாத்தப்பட்டு, கடைசியில் கிடைத்த வேலையில் முதல் நாளே கோரிக்கைப் பட்டியலை நீட்ட யாருக்குத் துணிவு வரும்? ஆகவே பொதுவாகக் கேட்காமல், தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். "மேடம், உங்க சீட்டைக் கீழ்த்தளத்துலயே போட்டுடலாமா, இல்ல டீமோட மேலேயே இருக்கணுமா? லிஃப்ட் இருக்கு, ஆனா கரண்ட் போனா ஜெனரேட்டர் எடுக்கிற வரைக்கும் நிக்கும்." "வண்டியில வருவீங்களா? பக்கத்துல சக்கரம் வச்ச ஸ்கூட்டரா?" "எழுதிக் கொடுத்தா வசதியா, வாட்ஸ்அப்ல அனுப்பினா வசதியா?" இப்படிக் குறிப்பாகக் கேட்டால் பதிலும் குறிப்பாக வரும்.

பிறகு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, மூன்றாம் மாதம் ஒருமுறை மறுபடி கேளுங்கள். வேலை பார்த்த பிறகுதான் எது இடிக்கிறது என்று அவருக்கே தெரியும். கேட்டது என்ன, கேட்ட தேதி, செய்து கொடுத்தது என்ன, கொடுத்த தேதி என்று நான்கு பத்தி போட்ட ஒரு பதிவேடு போதும். இதன் அருமை அத்தியாயக் கடைசியில் தெரியும்.

பார்த்தவுடன் தெரியாத குறைபாடுகளையும் நினைவில் வையுங்கள். தலசீமியா, ஹீமோஃபிலியா, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் இன்று சட்டப்படி இந்த வரிசையில் வருகின்றன. ரத்தம் ஏற்றிக்கொள்ள மாதத்தில் ஒருநாள் லீவு கேட்பவரும் இவர்களில் ஒருவர்தான். அவருடைய சான்றிதழ் ஹெச்.ஆர். அலமாரியில் இருக்க வேண்டியது. சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியது "மாதம் ஒருநாள் விடுப்பு, முன்கூட்டியே சொல்வார்" என்பது மட்டுமே. நோயின் பெயரை டீமில் சொல்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

சட்டம், சுருக்கமாக

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த வகைகள் இதில் 21 ஆயின. 4 விழுக்காடு இட ஒதுக்கீடு அரசுப் பணிகளுக்கு மட்டும். தனியாருக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. அதனால் நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்ளும் முதலாளிகள் நிறைய. சம்பந்தம் உண்டு. எல்லா நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டு, அதன் நகலை மாநில ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடமானால் எந்தெந்தப் பணிகள் பொருத்தமானவை, தேர்வு எப்படி, பயிற்சி, சிறப்பு விடுப்பு, உதவிக் கருவிகள், பொறுப்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. இணையத்தில் கிடைக்கும் மாதிரியைப் பெயர் மாற்றி ஒட்டிவிடலாம்தான். ஆனால் உங்கள் கட்டடத்தில் இல்லாத லிஃப்ட் அதில் இருக்கும்.

சலுகைகளுக்கு 40 விழுக்காடு என்ற வரம்பைக் காட்டி, அதற்குக் குறைந்த சான்றிதழ் வைத்திருப்பவருக்கு எந்த ஏற்பாடும் தர வேண்டியதில்லை என்று சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். 2021-இல் குடிமைப் பணித் தேர்வு எழுத உதவியாளர் கேட்ட ஒருவரின் வழக்கில், அந்த வரம்பைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாற்காலியை மாற்றிக் கொடுக்கச் சான்றிதழில் சதவீதம் தேடாதீர்கள்.

சம்பளக் கணக்கு போடுபவருக்கு ஒரு குறிப்பு: ஈஎஸ்ஐ-யில் சேரச் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய்; மாற்றுத்திறனாளிக்கு 25,000. இது தெரியாமல் 22,000 சம்பளக்காரரை வெளியே நிறுத்திவிடுவது சுலபம்.

கேட்டிலிருந்து இருக்கை வரை

ஒரு நாள் காலை நீங்களே வெளிக் கேட்டிலிருந்து அவர் இருக்கை வரை, அங்கிருந்து கழிப்பறை, தண்ணீர், கேண்டீன், வருகைப் பதிவு இயந்திரம் வரை நடந்து பாருங்கள். எத்தனை படி, எத்தனை வாசற்கால் மேடு, எந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டடக் காண்ட்ராக்டரைவிட அவருக்குத்தான் தெரியும்.

சாய்தளத்துக்குக் கணக்கு ஒன்று உண்டு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம் என்றால் சாய்தளம் 18 அடி வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் கட்டியிருப்பது ஆறடிதான். அது பைக் ஏற்றுவதற்கு ஆகும், வீல்சேரில் ஏறினால் பின்பக்கம் கவிழும். 18 அடி நேராக விட இடமில்லையென்றால் சுவரோரமாகத் திருப்பிக் கட்டலாம். திருப்பத்திலும் மேலே கதவுக்கு முன்பும் சமதளம் விட வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும்.

வரவேற்பறையில் பளபளவென்று கிரானைட் போட்டிருந்தால் ஊன்றுகோலோடும் காலிபரோடும் வருபவருக்கு அதுதான் முதல் ஆபத்து. அதுவும் ஒன்பது மணிக்கு எல்லாரும் உள்ளே வரும்போதுதான் துடைத்துவிடுவார்கள். துடைக்கும் நேரத்தை எட்டு மணிக்கு மாற்றுங்கள். செலவு ஒரு பைசா இல்லை.

வண்டி நிறுத்துமிடம் அடுத்தது. தமிழக அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருபவருக்குச் சாதாரண வண்டியைவிட அகலமான இடம் வேண்டும், இறங்கி ஊன்றுகோலை எடுக்க அதன் பக்கத்திலும் இடம் வேண்டும். காலையில் முதல் ஆளாக வந்து ஷெட்டில் நிறுத்தியவர் சாயங்காலம் கிளம்பும்போது, இருபுறமும் அடைத்து நிறுத்தியிருக்கும் வண்டிகளின் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு நிற்பார். தரையில் மஞ்சள் கோடு போட்டால் மட்டும் போதாது. அந்த இடத்தைக் காலியாக வைக்கும் பொறுப்பை வாட்ச்மேனிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

கையில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அதைக் கழிப்பறையில் போடுங்கள். இதைப் பேச எல்லாருக்கும் கூச்சம், அதனாலேயே கடைசிவரை நடக்காமல் போகிறது. காலையில் வீட்டில் ஒரு வாய் காபியோடு கிளம்பி, சாயங்காலம் வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்காமல் ஓட்டும் பெண்கள் உண்டு. அலுவலகக் கழிப்பறையில் அவர்களால் உட்கார முடியாது என்பதுதான் காரணம். பிறகு சிறுநீர்த் தொற்று, லீவு, "அடிக்கடி லீவு போடுறாங்க" என்ற பேச்சு. தேவை இவ்வளவுதான்: மூன்றடி அகலத்தில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே வீல்சேர் திரும்ப ஐந்தடி இடம், வெஸ்டர்ன் கோப்பை, அதன் பக்கவாட்டில் உடல் எடையைத் தாங்கும்படி சுவரில் ஆழமாகப் பதித்த கைப்பிடி, எட்டும் உயரத்தில் குழாயும் தாழ்ப்பாளும், ஈரம் தேங்காத சொரசொரப்பான தரை. துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடி என்று பொருத்திவிட்டுப் போகும் பிளம்பரைக் கவனியுங்கள். பிடித்தால் கையோடு வந்துவிடும்.

கட்டிய பிறகு இன்னொரு சிக்கல். இடம் தாராளமாக இருப்பதால் துடைப்பம், ஃபினைல் கேன், பழைய ஃபைல் மூட்டை எல்லாம் அங்கே குடியேறும். பூட்டிச் சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் சாவி கேட்டு வாங்க வேண்டிய கழிப்பறை இருந்தும் இல்லாததுதான். மாதம் ஒருமுறை நீங்களே போய்க் கதவைத் திறந்து பாருங்கள்.

பழைய கட்டடம், லிஃப்டுக்கு வழியே இல்லை என்றால் இருக்கையைக் கீழே போடலாம். ஆனால் டீம் மேலே, அவர் மட்டும் கீழே வரவேற்பாளர் பக்கத்தில் என்றால், முடிவெடுக்கும் பேச்சு எதிலும் அவர் இருக்க மாட்டார். அவரோடு இன்னும் இரண்டு மூன்று பேரையாவது கீழே கொண்டுவாருங்கள், மீட்டிங்கையும் கீழேயே வையுங்கள்.

திரையைக் காதால் படிப்பவர்

பார்வையற்றவர் கணினியில் எப்படி வேலை பார்ப்பார் என்ற கேள்விக்கே இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. திரையில் உள்ளதை ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் படித்துச் சொல்லும்; அவர் விசைப்பலகையிலேயே எல்லாவற்றையும் இயக்குவார். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் படிக்கும். பழகியவர்கள் வைத்திருக்கும் வேகத்தில் அது பேசினால் நமக்கு ஒரு சொல் புரியாது. ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். இரு காதையும் அடைக்காமல் ஒரு காதில் மட்டும் மாட்டுவதாக இருந்தால் பக்கத்தில் கூப்பிடுவதும் கேட்கும்.

தமிழ் அலுவலகங்களில் மட்டும் வரும் இடைஞ்சல் ஒன்று உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கடிதம் நம் கண்ணுக்குத்தான் தமிழ். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த "அம்மா" ஸ்கிரீன் ரீடருக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். சுற்றறிக்கை முழுவதையும் அது இப்படியே உளறும், பாவம் அவர் யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். இனி எல்லாம் யூனிகோடில் என்று ஒரே ஓர் உத்தரவு போடுங்கள். பழைய கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. டைப்பிஸ்ட் முணுமுணுப்பார். விசைப்பலகை அமைப்பை மாற்றாமலே யூனிகோடில் அடிக்கலாம் என்று காட்டினால் அடங்கிவிடுவார்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப், வாட்ஸ்அப் குரூப்பில் போடும் நோட்டீஸ் படம் இவையும் அப்படித்தான். படத்தில் உள்ள நான்கு வரியைக் கீழே தட்டச்சு செய்து போட எவ்வளவு நேரமாகும்? எக்செலில் கட்டங்களை ஒன்றிணைத்து அழகு பார்ப்பதை விட்டுவிடுங்கள். எந்தத் தொகை எந்தத் தலைப்பின் கீழ் என்று காதால் கண்டுபிடிக்க முடியாது. முகத்தைக் கேமராவுக்கு நேராகக் காட்டச் சொல்லும் வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மாற்று வழி ஒன்று வையுங்கள்.

புதிதாகச் சம்பள மென்பொருளோ லீவு மென்பொருளோ வாங்கும் முன் ஒரு சோதனை. மவுஸைக் கழற்றி மேசைக்குள் வைத்துவிட்டு, விசைப்பலகையை மட்டும் வைத்து ஒரு லீவு விண்ணப்பம் போட்டுப் பாருங்கள். விற்க வந்தவரை விட்டே செய்யச் சொல்லலாம். பாதி வழியில் அவர் சிக்கிக்கொண்டால் அந்த மென்பொருள் உங்கள் ஊழியருக்கு உதவாது. பணம் கொடுக்கும் முன்பு சொன்னால் சரி செய்து தருவார்கள், கொடுத்த பிறகு சொன்னால் அடுத்த வெர்ஷனில் வரும் என்பார்கள்.

காது கேளாதவரோடு வேலை

"வாய் அசைவைப் பார்த்தே புரிஞ்சுக்குவார்" என்று யாராவது சொன்னால் பாதிதான் உண்மை. பணம், மணம் இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். அசைவில் கிடைப்பது கொஞ்சம், மீதியை அவர் ஊகித்து நிரப்புகிறார். எண், தேதி, அளவு, ஆர்டர் எல்லாம் எழுத்தில் போக வேண்டும். பேசும்போது ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருட்டாகிவிடும்.

சிறுவயதிலிருந்து சைகை மொழியிலேயே வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. அவர் அனுப்பும் செய்தியில் வேற்றுமை உருபு விட்டுப்போயிருக்கும், சொல் முன்பின்னாக இருக்கும். அதைப் பார்த்து அறிவை அளக்கும் மேனேஜர்கள் இருக்கிறார்கள். அவர் இயக்கும் இயந்திரத்தில் எத்தனை பீஸ் கழிவாகிறது என்று பார்த்து அளக்கட்டும். சேர்ந்த முதல் நாள் பயிற்சி, ஆண்டு மதிப்பீடு, ஒழுங்கு விசாரணை இந்த மூன்றுக்கும் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கூலி கொடுத்து அழையுங்கள். சம்பளப் பேச்சுக்கு அவர் தங்கையைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்வது மரியாதை இல்லை. பேச்சைத் தமிழ் எழுத்தாக்கும் செயலிகள் அன்றாடப் பேச்சுக்கு உதவும், ஆங்கிலம் கலந்த நம் ஷாப் ஃப்ளோர் தமிழில் நிறையத் தடுமாறும்.

சாப்பாட்டு மேசைதான் கடினம். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசிச் சிரிக்கும்போது, "என்ன?" என்று அவர் கேட்பார், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று பதில் வரும். அந்த அப்புறம் வருவதில்லை. இதற்கு விதி எழுத முடியாது. டீமில் இரண்டு பேராவது அன்றாடச் சைகைகளைக் கற்றுக்கொண்டால் நிலைமை மாறுகிறது. அவரே கற்றுக்கொடுப்பார், டீ நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

கூட வேலை பார்ப்பவர்கள்

விழிப்புணர்வு வகுப்பு என்று கண்ணைக் கட்டி நடக்கவிடும் விளையாட்டு ஒன்று நடத்துகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கண்ணைக் கட்டிய ஐந்து நிமிடத்தில் தெரிவது பயம் மட்டும்தான். முப்பது வருடமாகப் பார்வையில்லாமல் வாழ்பவரின் பழக்கமும் சாமர்த்தியமும் அதில் தெரியாது. பார்த்தவர் மனதில் பரிதாபம் கூடும், பரிதாபப்படுபவர் பெரிய ஆர்டரை அவரிடம் ஒப்படைக்க மாட்டார். அந்த நேரத்தில் சில நடைமுறைகளைச் சொல்லிக்கொடுங்கள்: உதவி வேண்டுமா என்று கேட்டுவிட்டுச் செய்வது, பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள விடுவது, வீல்சேரில் சாய்ந்து நிற்காமல் இருப்பது, அருகில் வந்ததும் பெயர் சொல்லிப் பேசுவது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளில் அவரை மேடையேற்றிச் சால்வை போடுவதற்கு முன்பு அவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விடுங்கள்.

"அவருக்கு மட்டும் ஏன் பத்து மணி? நாங்க ஒன்பதுக்கே வர்றோமே" என்று ஒருநாள் யாராவது கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். மேனேஜர் நோயைச் சொல்லக் கூடாது, மழுப்பவும் கூடாது. "அது நிர்வாகம் அவரோட பேசி முடிவு பண்ணின நேரம். ஏழு மணி வரைக்கும் இருக்கார், டார்கெட் உங்களுக்கு என்னவோ அதேதான். உங்களுக்கும் ஏதாவது ஏற்பாடு வேணும்னா வந்து பேசுங்க." கடைசி வாக்கியத்தை மனதாரச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்காரர், டயாலிசிஸ் செய்யும் அப்பாவை வைத்திருப்பவர் என்று நாலு பேர் வருவார்கள். எல்லாருக்கும் முடியாவிட்டாலும் சிலருக்கு முடியும்.

தீ விபத்து ஒத்திகையில் இவர்களை இருக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களை இறக்குவது பெரும் தவறு. எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும், கழிப்பறைக்குள்ளும் வேண்டும். தீயில் லிஃப்ட் ஓடாது. வீல்சேரில் இருப்பவரைப் படியில் இறக்கப் போவது யார் யார் என்று ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் இரண்டு பெயர் எழுதி, எப்படித் தூக்குவது என்று அவரிடமே கேட்டு ஒத்திகை பாருங்கள்.

வேலை சரியில்லை என்றால்

மாற்றுத்திறனாளி ஊழியரின் வேலையில் குறை இருந்தால் மேனேஜர்கள் வாய் திறப்பதில்லை. எதற்குப் பாவம் என்று ஆண்டு மதிப்பீட்டில் நடுத்தரமான மதிப்பெண் போட்டு, கடினமான வேலையை வேறொருவருக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஐந்து வருடம் கழித்து அவர் சேர்ந்த இடத்திலேயே இருப்பார். ஆர்டர் குறைந்து ஆள் குறைக்கும்போது பட்டியலில் முதல் பெயர் அவருடையதாக இருக்கும். குறையை மற்றவருக்குச் சொல்லும் அதே மாதத்தில், அதே சொற்களில் இவருக்கும் சொல்லுங்கள்.

சொல்லும் முன் அந்த நான்கு பத்திப் பதிவேட்டை எடுங்கள். தரவு உள்ளிடுவதில் மெதுவாக இருக்கிறார் என்றால், அவர் பயன்படுத்தும் மென்பொருளின் பட்டன்களை ஸ்கிரீன் ரீடர் படிக்கிறதா? தாமதமாக வருகிறார் என்றால், கம்பெனி பஸ்ஸின் படி எத்தனை அடி உயரம்? கேட்ட ஏற்பாடு கிடைக்காமல் இருந்தால் முதலில் அதைக் கொடுத்து, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணுங்கள். எழுத்தில் இலக்கு, மாதம் ஒருமுறை சந்திப்பு, தேவையானால் வேறு பணிக்கு மாற்றம். எல்லாம் கொடுத்தும் முடியவில்லை என்றால் மற்ற ஊழியருக்கு என்ன நடைமுறையோ அதேதான்: அதே நோட்டீஸ் காலம், அதே நிலுவைத் தொகை. ஆனால் ஏற்பாடுகள் செய்து கொடுத்த தேதிகள் எழுதப்படாமல் வரும் பணிநீக்கக் கோப்பில் கையெழுத்துப் போடாதீர்கள்.